குளிர்காயப் போனோம்: மேல்மலையில் ஐந்து சாயங்காலங்கள்

முதல் நாள், டிசம்பர் 11: கொடைக்கானல்

இந்தத் தடவை குளிர்காய்வதற்கென்றே கிளம்பியிருக்கிறோம். அப்பாவுக்கு வயது 73. முப்பது வருடம் லாரி ஓட்டியவர். மதுரையில் நாங்கள் இருப்பது மூன்றாவது மாடி. முற்றம் கிடையாது, விறகு கிடையாது, நெருப்பு மூட்டுகிற அளவுக்குக் குளிரும் கிடையாது. போன மாதம் ஒரு ராத்திரி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, "நெருப்பைப் போட்டு நாலு பேரா உக்காந்து எத்தனை வருஷமாச்சு" என்றார். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. தட்டைப் பார்த்துத்தான் சொன்னார். அக்காவுக்கு அது போதுமாக இருந்தது. அன்றைக்கே மாமாவை லீவு எழுதிக் கொடுக்க வைத்துவிட்டாள். அப்பா, அக்கா, மாமா, நான். நாலு பேர் கணக்குச் சரியாகிவிட்டது.

காலை ஏழு மணிக்குப் புறப்பட்டு, வத்தலக்குண்டில் இட்லி சாப்பிட்டோம். இ-பாஸை மாமா முந்தின நாளே எடுத்து வைத்திருந்தார். காமக்காபட்டி சோதனைச் சாவடியில் காட்டிவிட்டு மலை ஏறினோம். வெள்ளி நீர்வீழ்ச்சி வரும்போதே அப்பா மப்ளரைக் கட்டிக்கொண்டார்.

இன்றைக்கு ஒரு ராத்திரி மட்டும் ஊருக்குள் ஒரு விடுதியில் தங்கல். அங்கே 'கேம்ப் ஃபயர்' உண்டு, அதற்குத் தனிக் காசு. ஏழரைக்குப் போனோம். இரும்புச் சட்டியில் விறகைக் குவித்து வைத்திருந்தார்கள், மத்தியானம் தூறிய தூறலில் நனைந்த விறகு. ஒரு பையன் வந்து டீசலை ஊற்றிப் பற்ற வைத்தான். குப்பென்று ஆள் உயரத்துக்கு எரிந்தது. எல்லோரும் செல்போனைத் தூக்கினார்கள். ஐந்து நிமிடத்தில் டீசல் தீர்ந்து, தீ கறுப்புப் புகையாகப் படுத்துவிட்டது. மறுபடி டீசல், மறுபடி குப். பக்கத்தில் இடுப்பளவு ஸ்பீக்கர். பேச வேண்டுமென்றால் காதுக்குள் கத்த வேண்டும். அப்பாவுக்கு இருமல் பிடித்துக்கொண்டது. ஒன்பதரைக்கு நேரம் முடிந்தது என்று ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டினார்கள்.

எனக்கு மனசு கஷ்டமாக இருந்தது. ஈர விறகை எரித்தால் சூட்டில் ஒரு பங்கு அதிலுள்ள தண்ணீரை ஆவியாக்கவே செலவாகிவிடும். விறகிலிருந்து கிளம்பும் வாயு எரிய வழியில்லாமல் புகையாகப் போகும். காய்ந்த விறகை வைக்க வேண்டும், அதற்கு ஆறு மாதம் முன்னாலேயே யாராவது நினைத்திருக்க வேண்டும். காசு வாங்கிக்கொண்டு அதைச் செய்யாமல் விடுவது சரியில்லை. அப்பா அறைக்கு வந்து, "வெளிச்சம் போட்டாங்க, நெருப்பு போடலை" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டார்.

நாளையிலிருந்து மன்னவனூர். அங்கே ஒரு விவசாயி வீட்டில் இரண்டு அறை சொல்லி வைத்திருக்கிறோம்.

இரண்டாம் நாள், டிசம்பர் 12: பூம்பாறை வழியாக மன்னவனூர்

கொடைக்கானலிலிருந்து மேற்கே போகப் போக வரும் பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, கூக்கால், கிளாவரை எல்லாவற்றையும் சேர்த்து இந்தப் பக்கம் மேல்மலை என்கிறார்கள். பூம்பாறை சுமார் 20 கிலோமீட்டர். சாலை ஓரத்தில் நின்று பார்த்தால் கீழே ஊர் மொத்தமும் ஒரு கைக்குள் அடங்கிய மாதிரி தெரியும். வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்க, சுற்றிலும் படிப் படியாக வயல். குழந்தை வேலப்பரைக் கும்பிட்டுவிட்டு, கோயில் தெருவில் பூண்டு வாங்கினோம். 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்த கொடைக்கானல் மலைப் பூண்டு இதுதான். கையில் எடுத்தாலே காரமாக மணக்கும். அக்கா இரண்டு கிலோ வாங்கினாள். எதற்கு இவ்வளவு என்று மாமா கேட்டதற்கு, இங்கேயே பாதி தீர்ந்துவிடும் என்றாள். அவள் சொன்னது எவ்வளவு சரி என்று ராத்திரி தெரிந்தது.

மன்னவனூரில் வீட்டுக்கார ஐயாவுக்கு அறுபதுக்கு மேல் இருக்கும். முழங்கால் வரை கம்பளி போர்த்தியிருந்தார். எங்களைத் தம்பி, தாயி என்றார். அப்பாவைப் பார்த்த உடனே அண்ணே என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார். வீட்டுக்குப் பின்னால் பூண்டு வயல், அதற்கு முன்னால் ஒரு களம். களத்தின் நடுவில் கல் வைத்துக் கட்டிய வட்டக் குழி. கல் எல்லாம் வயலில் கிடந்த காய்ந்த கல். ஓடைக்கல்லை நெருப்புப் பக்கத்தில் வைக்கவே கூடாதாம். உள்ளே தண்ணீர் ஊறியிருந்தால் சூட்டில் வெடித்துத் தெறிக்கும் என்றார்.

விறகு, வாட்டில் என்கிற மரம். ஊட்டிப் பக்கம் சீகை என்பார்கள். தோல் பதனிடப் பட்டை வேண்டும் என்று வெள்ளைக்காரன் காலத்தில் ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்த மரம். புல்வெளியை எல்லாம் பிடித்துக்கொண்டு பரவிவிட்டது. மலைக்குக் கெடுதல்தான். விறகுக்கு மட்டும் அதை அடிக்க ஆளில்லை. கனமான மரம், நின்று எரியும். ஐயா தன் பட்டாவில் வளர்ந்ததைப் பங்குனியில் வெட்டி, பிளந்து, கூரைக்கடியில் அடுக்கி வைத்திருந்தார். "வெறகு ஒரு கோடையைப் பாத்திருக்கணும் தம்பி" என்றார். இரண்டு கட்டையை ஒன்றோடொன்று தட்டிக் காட்டினார். காய்ந்தது கணீரென்றது. நேற்று வெட்டியதைத் தட்டினால் தொப்பென்று கேட்டது.

ஆறு மணிக்கு வேலையை ஆரம்பித்தார். முன்பு எரிந்து பாதியில் நின்ற இரண்டு கொள்ளிக்கட்டைகளைக் குழிக்குள் ஒரு சாண் இடைவெளியில் வைத்தார். ஒரு தடவை கரியானது சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவில் தைல மரப் பட்டையைச் சுருட்டித் திணித்தார். காய்ந்து மெல்லிசாக இருப்பதால் அது பஞ்சு மாதிரிப் பற்றும். மேலே இரண்டு பைன் காய். அதற்கு மேல் விரல் பருமன் சுள்ளி, அப்புறம் மணிக்கட்டுப் பருமன் குச்சி, ஒன்றுக்கொன்று குறுக்கே, நடுவில் கை நுழையும் இடைவெளி விட்டு. காற்று வரும் பக்கம் மட்டும் வாசல் மாதிரித் திறந்து வைத்தார். எல்லாம் முடிய இருபது நிமிடம். யாரும் பேசவில்லை. நாங்கள் நாலு பேரும் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தோம். குளிர்காயும் சந்தோஷம் தீப்பெட்டியை எடுப்பதற்கு முன்னாலேயே தொடங்கிவிடுகிறது.

ஒரே ஒரு குச்சி கிழித்தார். பட்டை சுருண்டு எரிந்தது, பைன் காய் செதில் செதிலாகப் பிடித்தது, சுள்ளி படபடத்தது. முதலில் கொஞ்சம் புகை, தீ நின்றதும் புகை அடங்கிவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் மேலேதான் புகை மாறி மாறி வரும் என்பார்கள். அதற்குக் காரணம் இருக்கிறது. நெருப்பு நாலு பக்கமும் காற்றை இழுக்கிறது, ஆள் உட்கார்ந்த பக்கம் காற்று மறைபடுகிறது, புகை அந்தப் பக்கமே சாய்கிறது. ஐயா எங்களைக் காற்றுக்குக் குறுக்கே இரண்டு பக்கமாக உட்கார வைத்துவிட்டார். புகை எங்களைத் தொடவே இல்லை.

முதல் ஒரு மணி நேரம் தீ பெரிதாக இருந்தது. அப்போது யாரும் உருப்படியாகப் பேசவில்லை. கிட்டப் போனால் சுட்டது, தள்ளினால் முதுகு விறைத்தது. எட்டு மணிக்கு மேல் தீ இறங்கிக் கங்கு விழத் தொடங்கியது. அங்கேதான் சாயங்காலம் மாறியது. எல்லோரும் முக்காலியை ஒரு முழம் முன்னால் நகர்த்தினோம். சத்தமில்லாத, நின்ற சூடு. முகத்தில் அறையாமல் நெஞ்சுக்குள் இறங்குகிற சூடு.

ஐயா ஒரு குச்சியால் ஓரத்துச் சாம்பலைக் கிளறி, அக்கா வாங்கிய பூண்டை முழு முழுத் தலையாகத் தோலோடு புதைத்தார். பக்கத்தில் நாலைந்து உருளைக்கிழங்கு. பூண்டுக்கு இருபது நிமிடம், கிழங்குக்கு முக்கால் மணி. பூண்டை எடுத்தபோது வெளித்தோல் கரிந்திருந்தது. சாம்பலை ஊதிவிட்டு, காம்புப் பக்கம் கிள்ளி, அடியிலிருந்து விரலால் அழுத்தினால் ஒவ்வொரு பல்லும் வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. பச்சையில் கண்ணைக் கரிக்கிற காரம் போன இடம் தெரியவில்லை. லேசான இனிப்பு, கொஞ்சம் புகை வாசனை, கல் உப்பு. சூடான கிழங்கைப் பிட்டு அதில் இதைத் தடவி அப்பா வாயில் போட்டுக்கொண்டு கண்ணை மூடினார். அடுத்து இன்னொன்றுக்குக் கையை நீட்டினார். நான் சாப்பிட்டது ஐந்து தலை. அக்கா எண்ணினாள்.

மூன்றாம் நாள், டிசம்பர் 13: மன்னவனூர்

காலையில் எழுந்து பார்த்தால் ஏரிக்கரைப் புல் வெளுத்துக் கிடந்தது. உறைபனி. மிதித்தால் நொறுநொறுவென்றது. பகலில் செம்மறி ஆடு ஆராய்ச்சி நிலையத்துக்குப் போனோம். ராஜஸ்தானின் அவிகாநகரில் இருக்கும் மத்திய நிறுவனத்துக்கு இது தென் மண்டல மையம். 1965-இலிருந்து இங்கே இருக்கிறது. பாரத் மெரினோ ஆடுகளை வளர்க்கிறார்கள், முயலும் உண்டு. ஒரு ஆட்டின் முதுகில் கையை வைத்தேன். மேல் ரோமம் அழுக்காக, எண்ணெய்ப் பிசுக்காக இருந்தது. விரலை உள்ளே விட்டால் வெள்ளை வெளேரென்று சூடாக இருந்தது.

இதை எழுதக் காரணம், நேற்று ராத்திரி என் ஜாக்கெட்டில் பொறி விழுந்தது. நைலான் துணி, பட்டாணி அளவுக்கு உருகி ஓட்டையாகிவிட்டது. ஐயாவின் கம்பளியிலும் இரண்டு மூன்று பொறி விழுந்தது. அவர் சுண்டிவிட்டார், அவ்வளவுதான். ஆட்டு ரோமம் லேசில் தீப்பிடிக்காது, பிடித்தாலும் தானே அணைந்துவிடும். நெருப்புப் பக்கம் உட்காரப் போகிறவர்கள் வழவழப்பான ஜாக்கெட்டைக் கழற்றி வைத்துவிட்டு ஒரு கம்பளிப் போர்வையைப் போர்த்திக்கொள்வது நல்லது.

இன்றைக்கு ராத்திரி விசேஷமானது. வருடா வருடம் டிசம்பர் 13, 14 தேதிகளில் மிதுன ராசிப் பக்கமிருந்து எரிகற்கள் விழும். மற்ற எரிகல் பொழிவுகளில் பெரும்பாலும் வால்மீன் விட்டுப் போன தூசிதான் எரியும். இதற்கு மூலம் ஃபேத்தான் என்கிற சிறுகோள், 1983-இல் கண்டுபிடித்தது. நிலா நள்ளிரவு தாண்டித்தான் எழும் என்று மாமா பார்த்து வைத்திருந்தார். மேகம் இல்லை.

நெருப்பா, நட்சத்திரமா என்று எனக்குக் குழப்பம். தீ எரிந்தால் வானம் தெரியாது. கண் இருட்டுக்குப் பழக இருபது முப்பது நிமிடமாவது ஆகும், ஒரு தடவை தீயைப் பார்த்தால் அந்தப் பழக்கம் போய்விடும். ஐயாவிடம் சொன்னதும், "சீக்கிரமே மூட்டி எறக்கிருவோம்" என்றார். ஐந்தரைக்கே மூட்டினார், விறகு நேற்றைவிடக் குறைவு. எட்டரைக்குக் கங்கு மட்டும்தான். அடர் சிவப்பு வெளிச்சம் இருட்டுப் பார்வையை அவ்வளவாகக் கெடுக்காது. சூடும் இருந்தது, வானமும் திறந்திருந்தது. ஒரே நேரத்தில் இரண்டும் கிடைக்கும் என்று நான் நினைக்கவில்லை.

கயிற்றுக் கட்டில் இரண்டைக் கொண்டுவந்து போட்டுப் படுத்தோம். உச்சிக்குப் பக்கத்தில் கார்த்திகைக் கூட்டம், கீழே ரோகிணி, கிழக்கே சிவப்பாகத் திருவாதிரை. அதற்கும் கீழே புனர்பூசத்தின் இரண்டு நட்சத்திரங்கள், பக்கத்தில் விளக்கு மாதிரி வியாழன். எரிகற்கள் எல்லாம் அந்தப் புனர்பூசத் திசையிலிருந்து விசிறி விட்ட மாதிரிக் கிளம்பின. முதலாவதை அக்காதான் பார்த்தாள். சின்னப் பிள்ளை மாதிரி, "டேய் தம்பி, அங்க!" என்று கத்தினாள். நான் திரும்புவதற்குள் போய்விட்டது. அப்புறம் எண்ணத் தொடங்கினோம். ஒன்பதிலிருந்து பத்தரை வரை 41. அதில் ஒன்று மஞ்சளாக, மெதுவாக, வானத்தில் பாதி தூரம் இழுத்துக்கொண்டு போனது. அது போன பிறகும் கோடு ஒன்று கொஞ்ச நேரம் நின்றது. யாரும் ஒன்றும் பேசவில்லை.

அந்த அமைதியில்தான் அப்பா பேசினார். மல்லாந்து படுத்தபடியே. ஆப்பிள் லோடு ஏற்ற ஸ்ரீநகர் போன கதை. பனிஹால் பக்கம் ராத்திரி வண்டிகளை நிறுத்திவிட்டார்கள். வரிசையாக நாற்பது ஐம்பது லாரி. குளிரில் டீசல் கூழ் மாதிரிக் கெட்டியாகிவிடுமாம். விடியற்காலையில் வண்டி கிளம்பாது. அதனால் பழைய துணியை எண்ணெயில் நனைத்து, தகரத்தில் வைத்து, டேங்குக்கு அடியிலும் இன்ஜினுக்கு அடியிலும் நெருப்புக் காட்டுவார்களாம்.

"பயமா இருக்காதா?" என்று மாமா கேட்டார்.

"பயமாத்தான் இருக்கும் மாப்பிள்ளை. மொத தடவ நான் மாட்டேன்னுட்டேன். பக்கத்து வண்டிக்காரர் ஒரு சர்தார். அவர் பேசுறது எனக்குப் புரியாது, நான் பேசுறது அவருக்குப் புரியாது. என்னைக் கையப் பிடிச்சு இழுத்துட்டுப் போயி அவர் நெருப்புக்கிட்ட உக்கார வச்சுட்டு, எங்க வண்டிக்கு அவரே அடியில படுத்துக் காட்டினாரு. திரும்பி வந்து, என் உள்ளங்கையப் பிடிச்சு அவர் கைக்குள்ள வச்சுத் தேய்ச்சாரு. நம்ம அப்பா தேய்க்கிற மாதிரி."

அக்கா எழுந்து உட்கார்ந்துவிட்டாள். "இதை ஏன்ப்பா எங்ககிட்ட சொன்னதே இல்ல?"

அப்பா கொஞ்ச நேரம் யோசித்தார். "வீட்டுல டியூப்லைட் போட்டுட்டு இதெல்லாம் எப்படிம்மா சொல்றது" என்றார்.

அவர் சொன்னதைத்தான் நான் இப்போது நினைத்துக்கொண்டிருக்கிறேன். கங்குகளைச் சுற்றி உட்கார்ந்தால் யாரும் யார் முகத்தையும் நேராகப் பார்க்க வேண்டியதில்லை. எல்லார் கண்ணும் ஒரே இடத்தில் இருக்கிறது. பதில் சொல்ல அவசரம் இல்லை. பேச்சு நின்றால் நின்ற இடத்தில் ஒரு கட்டை சரியும், ஒரு பொறி கிளம்பும், அது போதும்.

நான்காம் நாள், டிசம்பர் 14: மழை

காலையிலிருந்தே மஞ்சு மூடி, பதினொரு மணிக்குப் பிடித்த மழை விடவே இல்லை. கூக்கால் ஏரிக்குப் போக நினைத்திருந்தோம், முடியவில்லை. குழியில் தண்ணீர் நின்றுவிட்டது. இன்றைக்கு நெருப்பு இல்லை என்று நாங்கள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டிருந்தபோது, வீட்டம்மா வந்து, "அடுப்படில வந்து உக்காருங்களேன், அதுவும் நெருப்புதானே" என்று கூப்பிட்டார்.

தாழ்ந்த கூரை, மண் அடுப்பு, மேலே மூங்கில் பரண். பரணிலிருந்து பூண்டு கொத்துக் கொத்தாகத் தாளோடு தொங்கியது. அடுத்த விதைப்புக்கு எடுத்து வைத்த பூண்டு. அடுப்புப் புகை பட்டுக்கொண்டே இருந்தால் மாதக்கணக்கில் கெடாமல் இருக்குமாம். பாதிக்கு மேல் புகையேறி, பழைய பித்தளை நிறத்தில் இருந்தது. நமக்குக் கண் எரிகிற புகை, அவர்களுக்கு விதையைக் காப்பாற்றுகிறது.

கருப்பட்டி போட்ட கடுங்காப்பி கொடுத்தார். ஊதுகுழலை வாங்கி அக்கா ஊதிப் பார்த்தாள். கன்னம் உப்ப ஊதினால் சாம்பல்தான் பறக்கிறது. வீட்டம்மா சொல்லிக்கொடுத்தார்: வாயைக் குவித்து, மெல்லிசாக, நீளமாக, கங்கின் அடியைப் பார்த்து ஊத வேண்டும். நாலாவது தடவை கங்கு வெள்ளைச் சிவப்பாகி, 'டப்' என்று தீ பிடித்தது. அக்கா முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். எங்கள் பாட்டி வீட்டில் அவள் எட்டு வயதில் ஊதியிருக்கிறாள், நான் பார்த்ததில்லை.

சின்ன இடம், ஆறு பேர், முட்டி முட்டி உட்கார்ந்திருந்தோம். மழைச் சத்தத்தில் ஒருத்தர் பேசுவது இன்னொருத்தருக்குப் பாதிதான் கேட்டது. அதனால் ஒன்றும் குறையவில்லை. சீக்கிரமே தூங்கப் போகிறேன்.

ஐந்தாம் நாள், டிசம்பர் 15: நான் மூட்டிய நெருப்பு

மழை விட்டு வெயில் பளிச்சென்று அடித்தது. காலையில் கூக்கால் போய் வந்தோம். ஏரி, சோலைக்காடு, அழகான இடம்தான். என் மனசு முழுக்கச் சாயங்காலத்தில் இருந்தது. இன்றைக்கு நெருப்பு என் பொறுப்பு என்று ஐயா சொல்லிவிட்டார்.

வழியில் மாமா கேட்டார், கூக்காலில் அந்த ஏரிக்கரையிலேயே போட்டிருந்தால் எப்படி இருக்கும் என்று. காட்டுக்குள் நெருப்பு மூட்டக் கூடாது. சட்டமும் விடாது, விடவும் கூடாது. ஐயா இதில் கண்டிப்பானவர். தை, மாசிக்கு மேல் புல் காய்ந்துவிட்டால் களத்தில்கூட அவர் மூட்டுவதில்லை. யார் எவ்வளவு காசு கொடுத்தாலும் கிடையாது. 2018 மார்ச்சில் குரங்கணி மலையில் காட்டுத் தீயில் சிக்கி மலையேற்றம் போன இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்து போனார்கள். அந்த வாரம் முழுக்க இந்த ஊரில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை என்றார். காற்றும் காய்ந்த புல்லும் சேர்ந்தால் மனுஷன் ஓடி ஜெயிக்க முடியாது என்று சொல்லும்போது அவர் குரல் இறங்கிவிட்டது.

ஐந்தரைக்கு ஆரம்பித்தேன். முதலில் குழியை வழித்து, ஈரச் சாம்பலை அள்ளி, அடியில் தட்டையான கட்டை நாலைப் பரப்பினேன். ஈரத் தரையில் நேரே மூட்டினால் அடியிலேயே சூடு செத்துவிடும். கொள்ளி இரண்டு, பட்டை, பைன் காய், சுள்ளி. எல்லாம் ஐயா வைத்த மாதிரியே வைத்ததாகத்தான் நினைத்தேன். முதல் குச்சியில் பட்டை எரிந்தது, சுள்ளி கறுத்தது, அணைந்தது. இரண்டாவதும் அப்படியே. ஐயா பக்கத்தில் உட்கார்ந்து ஒன்றும் சொல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பாதான் எழுந்து வந்தார். "மூச்சு விட எடம் குடுடா" என்று சொல்லிவிட்டு, மேலே நான் நெருக்கி அடுக்கிய குச்சிகளில் பாதியை எடுத்துக் கீழே வைத்தார். அவ்வளவுதான் செய்தார். மூன்றாவது குச்சியில் பிடித்துக்கொண்டது.

சுள்ளியிலிருந்து குச்சிக்கு, குச்சியிலிருந்து கட்டைக்கு ஏறுவதை முட்டி போட்டுக்கொண்டு பார்த்தேன். கட்டையின் அடியில், தீ தொடுகிற இடத்தில், ஒரு விரல்கடை அளவு நீலம். அதற்கு மேல்தான் மஞ்சள். மஞ்சளாகத் தெரிவது எரியாத கரித்துகள் சூட்டில் ஒளிர்வதுதான் என்று பள்ளியில் படித்திருக்கிறேன். கட்டையின் வெட்டு முனையில் ஈரம் நுரைத்து வெளியே வந்து, 'ஸ்ஸ்' என்று சின்னதாகப் பாடியது. பக்கத்துக் கட்டையில் படீரென்று ஒரு வெடிப்பு, உள்ளே அடைபட்ட ஆவி வழி தேடிக்கொண்டது. ஏழெட்டுப் பொறி கிளம்பி மேலே போய், நட்சத்திரங்களுக்கு நடுவில் ஒவ்வொன்றாக அணைந்தது.

இன்றைக்கு வீட்டம்மாவும் வந்து உட்கார்ந்தார். வேலை முடித்து இப்படி வெளியில் வந்து உட்கார்வதே அபூர்வம் என்றார். கங்கு விழுந்ததும் பூண்டு, கிழங்கு, இரண்டு சோளம். அக்கா கோதுமை மாவு பிசைந்து கொண்டுவந்து, ஓரத்துக் கல்லில் போட்டு ரொட்டி சுட முயன்றாள். ஒரு பக்கம் தீய்ந்து, ஒரு பக்கம் வெந்தது. தீய்ந்ததைச் சுரண்டிவிட்டு எல்லோரும் தின்றோம். அப்பாவும் ஐயாவும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து, விறகு விலை, உருளைக்கிழங்கு விலை, முழங்கால் வலி, மதுரையில் எந்த டாக்டர் என்று பேசிக்கொண்டே இருந்தார்கள். பெரிய கதை ஒன்றும் இன்றைக்கு வரவில்லை. நெருப்பைப் பார்த்துக்கொண்டு உருளைக்கிழங்கு விலை பேசுவதும் இவ்வளவு இதமாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. அகலாமல் அணுகாமல் உட்கார ஒரு தூரம் இருக்கிறது. அந்தத் தூரம் கிடைத்துவிட்டால் எதைப் பேசினாலும் நன்றாக இருக்கிறது.

பதினொரு மணிக்கு அணைப்பதும் என் வேலை. ஐயா சொல்லச் சொல்லச் செய்தேன். ஒரே கொட்டாகத் தண்ணீரைக் கொட்டினால் சாம்பலும் ஆவியும் முகத்தில் அடிக்கும். செம்பால் ஓரத்திலிருந்து தெளித்துக்கொண்டே உள்ளே வர வேண்டும். பாதி எரிந்த கட்டையைத் தனியே எடுத்து, திருப்பித் திருப்பி நனைத்து, கல் மேல் சாய்த்து வைக்க வேண்டும். அப்புறம் குச்சியால் அடிவரை கிளறி, மறுபடி தண்ணீர். கடைசியில் புறங்கையைச் சாம்பலுக்கு மேலே காட்டி, சூடு தட்டவில்லை என்றால் தொட்டுப் பார்க்க வேண்டும். நான் தொட்டேன். இன்னும் ஒரு இடத்தில் வெதுவெதுப்பு இருந்தது. இன்னொரு செம்பு ஊற்றினேன்.

டிசம்பர் 16, காலை: கிளம்பும் முன்

இன்றைக்கு மார்கழி முதல் நாள். ஐந்து மணிக்கே கோயிலிலிருந்து பாட்டுக் கேட்டது. கதவைத் திறந்தால் களம் முழுக்கப் பனி, வீட்டம்மா வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தார். மாமா காரில் பைகளை ஏற்றுகிறார். அக்கா இன்னும் ஒரு கிலோ பூண்டு கேட்டு வாங்கிவிட்டாள்.

அப்பாவைக் காணோம் என்று பின்பக்கம் போனேன். ஐயாவும் அவரும் குழிப் பக்கம் குனிந்து நிற்கிறார்கள். ஆறிய சாம்பலை ஐயா சல்லடையில் சலிக்கிறார், அப்பா கூடையைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். சாம்பல் பூண்டு வயலுக்கு. நேற்று நான் நனைத்து வைத்த இரண்டு கொள்ளிகளை அப்பா தூக்கி, கரி கையில் ஒட்டுவதைப் பார்க்காமல், கூரைக்கடியில் காய்ந்த விறகுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தார்.

"வெள்ளிக்கெழம வேற ஆளுக வர்றாங்கண்ணே" என்றார் ஐயா. "அதுக்குள்ள காஞ்சிரும்."